தொட்டால் அடங்கும்

"ஹல்டா அக்கா வெச்ச சூனியத்தாலதான் எனக்கு வலிப்புன்னு போதகர் சொல்லிட்டார். இன்னிக்கு நான் விழலேன்னா, என்னையே சூனியக்காரின்னுடுவாங்க," என்று தங்கையின் காதில் கிசுகிசுத்தாள் பதினைந்து வயது டெமாரிஸ்.

"விழுந்தா ஹல்டா அக்காவைத் தூக்குல போட்டுருவாங்களே! அம்மா செத்தப்போ நமக்குக் கஞ்சி ஊத்தினவங்கடி!"

"தெரியும். அழாதே."

பிரார்த்தனைக் கூடம் நிரம்பி வழிந்தது. பாஸ்டனிலிருந்து வந்திருந்த நீதிபதி எழுந்தார்.

"யார் தொட்டதும் வலிப்பு அடங்குதோ, அந்த ஆள்தான் சூனியம் வெச்சது."

"இதுல தப்பு வராதாய்யா?" என்றாள் டெமாரிஸ்.

"கடவுளோட சோதனை, பொண்ணே. தப்பவே தப்பாது!" என்று முந்திக்கொண்டார் போதகர் விங்கேட்.

டெமாரிஸ் அலறியபடி தரையில் விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. விலங்கோடு ஹல்டாவை இழுத்து வந்து, அவள் கையை டெமாரிஸின் நெற்றியில் வைத்து அழுத்தினார்கள்.

அடங்கவில்லை. அலறல்தான் கூடியது.

பொறுமையிழந்த போதகர் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடங்குடி, கழுதை!"

அடங்கிவிட்டாள்.

டெமாரிஸ் மெல்லக் கண் திறந்து, தன் தோளில் இருந்த கையைப் பார்த்தாள். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

போதகர் சூடு பட்டவர்போல் கையை உதறினார். "ஐயா! தொட்டதை மட்டும் வெச்சு ஒரு ஆளைக் குத்தவாளின்னு சொல்லிட முடியுமா? இது என்ன நியாயம்?"

"அதைத்தான் ஹல்டா அக்கா காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்காங்க," என்றாள் டெமாரிஸ்.