பாயம்மா வறுத்த வெங்காயம்

"இன்னிக்குப் பார்த்துதான் வெங்காயம் வறுக்கணுமா அந்தப் பாயம்மா?"

ராஜம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. மகள் செல்லம்மாளைப் பெண் பார்க்க அணைக்கட்டு ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். பக்கத்து வீட்டு முனவ்வர் பேகமோ காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவே இல்லை. சுவரைத் தாண்டி வந்த புகையில், இவள் பார்த்துப் பார்த்துக் கிண்டிய கேசரியின் வாசனை இருந்த இடம் தெரியவில்லை.

"கண்ணு எரியுதும்மா. மை கரைஞ்சு போச்சு," என்றாள் செல்லம்மாள்.

"எரியாம இன்னா செய்யும்? அவ வயித்தெரிச்சல் உன் கண்ணுக்கு வந்துடுச்சு. அவ பொண்ணு ரஃபத்துக்கு இன்னும் இடம் அமையல. உனக்கு அமையுதுன்னா தாங்குமா?"

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

"வேற எப்படிப்பட்டவங்க? நேத்து நானே போய் சொன்னேன். எந்நேரத்துக்கு வர்றாங்கன்னு கேட்டு வேற வெச்சுக்கிட்டா. கேட்டு வெச்சுக்கிட்டு செய்ற வேலையைப் பாரு!"

புருஷன் பச்சையப்பன் வாசலைப் பார்த்தபடியே, "விடு, ராஜம். அவங்க வீட்லயும் விருந்தாளி வர்றாங்களோ இன்னாவோ," என்றான்.

வீட்டின் பின்சுவரை ஒட்டியே ஆம்பூரின் தோல் பதனிடும் பெரிய ஷாப்பு ஒன்று இருந்தது. அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் பச்சைத் தோல் ஊறப்போடுவதுதான் பச்சையப்பன் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராஜம்மாளுக்கும் இந்த வீடுதான்.

ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து போயிருந்தது. 'சொல்லி அனுப்புறோம்' என்றவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. பெண்ணிடம் என்ன குறை என்று யோசித்தே ராஜம்மாள் பாதியாகிவிட்டாள்.

இதுவும் தட்டிப்போனால்?

விறுவிறுவென்று சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

ரஃபத் ஜஹான் வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வளையம் வளையமாகப் பிரித்து, உப்புப் பிசறித் துணியில் பிழிந்து தாயிடம் தள்ளிக்கொண்டிருந்தாள். முனவ்வர் பேகம் அதைக் கொதிக்கிற எண்ணெயில் உதிர்த்து, பொன்னிறம் வந்ததும் அரித்தெடுத்துத் துணியில் பரப்பினாள். மொறுமொறுவென்று ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது.

"இன்னா பாயம்மா, உங்க வீட்ல நிக்காஹ்வா?"

"இல்லம்மா."

"அப்போ இவ்ளோத்தையும் யாரு துன்றதுக்கு?"

முனவ்வர் பேகம் தலை நிமிரவில்லை. "இன்னும் கொஞ்சந்தான் இருக்குது, ராஜம்மா."

"அதை நாளைக்கு வறுக்கக் கூடாதா? நாலு பேர் வர்ற நேரத்துல தெருவையே பொகையாக்கணுமா?"

பதிலுக்கு முனவ்வர் பேகம் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

ராஜம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நல்லா இருங்க! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டு நீங்க நல்லா இருங்க!"

அதற்குள் வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றது.

வந்தவர்கள் சாவகாசமாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வேதாசலம் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மாளைப் பக்கத்தில் இருத்தி, மோவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்களுக்குப் பிடிச்சிருக்குது. நல்ல நாள் பார்த்துத் தட்டு மாத்திக்கலாம்."

ராஜம்மாளுக்குக் காதை நம்ப முடியவில்லை. சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், உள்ளே குமுறிக்கொண்டிருந்ததுதான் முதலில் வந்தது.

"இந்தப் பொகையைத் தப்பா நினைக்காதீங்க, சம்பந்தி. பக்கத்து வீட்ல கொஞ்சங்கூட மனசாட்சி இல்லாம..."

"ஐயோ, அவங்களைத் திட்டாதீங்க!" என்றாள் சம்பந்தியம்மாள். "உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. போன மாசம் பொண்ணு பார்க்க வந்தாங்களே, அவங்க எங்க ஊர்க்காரங்கதான். பொண்ணு தங்கம், ஆனா தோல் நாத்தம் கொடலைப் பொரட்டுது, அந்த வீட்ல உக்காரவே முடியலன்னு சொன்னாங்க. நானும் தெரு முனையிலேர்ந்து முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுதான் வந்தேன். உங்க வாசல்ல இறங்கினா கமகமன்னு வெங்காய வாசனை! அதனாலதானே உக்காந்து பொண்ணு முகத்தை நிதானமாப் பார்க்க முடிஞ்சுது?"

ராஜம்மாள் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். நாற்றமா? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாளும் தெரிந்ததில்லை.

வண்டி தெருவைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

அப்போதுதான் அடுப்பை அணைத்திருந்தார்கள். முனவ்வர் பேகத்தின் கண்கள் புகையில் சிவந்து வீங்கியிருந்தன. கையில் எண்ணெய் தெறித்த இடமெல்லாம் கொப்புளம்.

ரஃபத்துக்குப் பொறுக்கவில்லை. "போன மாசம் வந்தவங்க எங்க வாசல்லதான் வாந்தி எடுத்தாங்க, அத்தை. எங்க அம்மிதான் தண்ணி குடுத்தாங்க."

"சும்மா இரு," என்று மகளை அதட்டினாள் முனவ்வர் பேகம்.

ராஜம்மாளுக்கு இப்போதும் கோபந்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நான் அந்தப் பேச்சு பேசுறேன், வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே பாயம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

முனவ்வர் பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னான்னு சொல்லுவேன், ராஜம்மா? உன் வீடு நாறுதுன்னா?"