இரட்டைக் கோடு போட்ட பக்கம்

தபால்காரர் உயிராய் நினைத்த மறைந்த பாடகரின் மனைவி, தபால்காரர் வீட்டுப் புத்தக அலமாரியைப் பார்க்க வந்து நிற்கிறார். அந்தப் பாடகரைப் பற்றி வந்த எந்தப் புத்தகத்தையும் தபால்காரர் விட்டதில்லை; மனதில் தைத்த வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டுவிடுவார். சாயங்கால வெயிலில் அந்த அம்மாளின் விரல் புத்தகம் புத்தகமாக நகர்கிறது. பாடகரைக் குடிக்க வைத்தே கொன்றவள் மனைவிதான் என்று எழுதிய புத்தகத்தில் விரல் நின்றுவிடுகிறது. எடுத்ததும் அந்த வரி இருக்கும் பக்கமே விரிகிறது, இரட்டைக் கோட்டோடு. "கண்ணாடி கொண்டு வரல தம்பி. கோடு போட்ட இடத்தை நீங்களே படிங்க." அதே பக்கத்தில் கீழே பாடகரின் குரலைப் புகழும் வரியைத் தபால்காரர் வாசிக்கிறார். "அது இல்ல, அதுக்கு மேல. எனக்கு மனப்பாடம்தான், உங்க வாயால கேக்கணும்."