மின்தடையில் ஓடிய தறி

வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டிய சென்னிமலை, தறியை நிறுத்திய பிறகே உணவுக்கு அமரும் வழக்கமுடையவர். அவர் மனைவி சௌந்திரத்தின் மார்பிலிருந்த புற்றுக்கட்டி சிவப்பு ஊசிமருந்தால் கரைந்தது. ஆயினும் அம்மருந்தே இதயத் தசையின் நுண்ணிழைகளையும் அழித்துவிட்டது என்றும், இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்றும் மருத்துவர் கூறியிருந்தார்.

ஒருநாள் நண்பகலில் மின்சாரம் தடைப்பட்டது. தெருவிலிருந்த தறிகள் யாவும் ஓய்ந்தன. சென்னிமலையின் தறி மட்டும் மெதுவாக, இடறி இடறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, கரண்டு இல்லாம எந்தப் பேய் ஓட்டுது? நிறுத்திப்போட்டுச் சோறுண்ண வாங்க!” என்று சிரித்தாள் சௌந்திரம்.

அவர் தறியை நிறுத்தும் கைப்பிடியை இழுத்தார். தறி தயங்கியது. அடுப்படியில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உடனே கையை எடுத்தார். தறி மீண்டும் ஓடியது. அவளும் மூச்சு வாங்கியபடி எழுந்தாள்.

“சோத்தை இங்கயே கொண்டா, சாமி” என்றார் அவளிடம்.

இனி அத்தறியை நிறுத்துவதில்லை என்று சென்னிமலை முடிவு செய்தார்.