ஐந்தாவது பின்

ஞானசிகாமணி விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர் என்பதால், மகள் பெனிட்டா எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு பழைய பொம்மை விமானப் பெட்டியை வாங்கிவந்திருந்தாள். அவர் பராமரித்த அதே போர் விமானம், பிளாஸ்டிக் துண்டுகளாக. ஒரே வாரத்தில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் ஒட்டியாயிற்று. பைலட் பொம்மை மட்டும் மேசையிலேயே கிடந்தது.

"இவரையும் ஏத்தி மூடிர வேண்டியதுதானேப்பா?"

"அவசரப்படுத்தாத. பாத்துத்தான் ஏத்தணும்."

நிஜ விமானத்தில் ஆபத்தென்றால் பைலட்டை வெளியே தூக்கியெறிவது அவருடைய இருக்கைதான். தரையில் அது தவறி வெடித்துக் கிளம்பிவிடாமல் ஐந்து பாதுகாப்புப் பின்கள் செருகியிருக்கும்; ஒன்று மிச்சமிருந்தாலும் இருக்கை எழும்பாது. புறப்படுமுன் மெக்கானிக் ஐந்தையும் உருவிப் பைலட்டிடம் தூக்கிக் காட்ட வேண்டும்; அவர் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஞானசிகாமணியின் கையில் நான்குதான் இருந்தன; ஐந்தாவது இருக்கையிலேயே செருகியிருந்தது. இவர் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று பைலட் எண்ணாமலே சிரித்துத் தலையாட்டினார். விமானம் விழுந்தபோது இருக்கை எழும்பவில்லை. விசாரணையில் ஐந்தும் காட்டினேன் என்று இவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

பெனிட்டாவே பொம்மையை உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடி மூடியை ஒட்டினாள். "இப்பப் பாருங்க, கெளம்பிட்டாரு!"

ஞானசிகாமணி சட்டென்று குனிந்து, அந்தக் கண்ணாடிக்கு நேராக வெறுங்கையை உயர்த்தி, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.