கடைசி நிமிஷத்து உதை

இரண்டாம் டிவிஷன் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம் முடிந்ததுமே, கிளப் செயலாளர் முனிரத்தினம் கொம்பையாவின் பனியனைக் கொத்தாகப் பிடித்தார்.

"கடைசி நிமிஷத்துல உனுக்கு இன்னாடா ஆச்சு? அவ்ளோ சொல்லி அனுப்பினேனே! கிளப்பையே மூட வச்சிட்டியேடா!"

"தெரியலண்ணே. காலு தன்னால போயிட்டு," என்றான் கொம்பையா.

இருங்காட்டுக்கோட்டையில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் வேல்ராஜ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். கம்பெனியில் ஓவர்டைம் வேலையை விட்டு ஆட வந்த சாம்சன், "இவன இனிமே சேக்காதீங்க," என்று கத்தினான்.

எதிரணி கேப்டன் சிரித்துக்கொண்டே வந்து கொம்பையாவின் கையைக் குலுக்கினான். "ரொம்ப தாங்க்ஸ்ப்பா. எங்க கிளப்பக் காப்பாத்திட்ட."

மைக்கில் அழைத்தார்கள். யாரும் அசையாததால் கொம்பையாவே போய் சாம்பியன் கோப்பையை வாங்கி வந்தான்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?" முனிரத்தினம் சீறினார். "ஜெயிச்சவன் மேல் டிவிஷன்ல ஆடியே ஆவணும்னு ரூலு. ஊர் ஊரா போயி ஆட பஸ்ஸுக்கு எவன் குடுப்பான்? போவலன்னா கிளப்பையே தூக்கிடுவானுங்க. ரூல மாத்துங்கடான்னா ஒருத்தனும் கேக்கல!"

கொம்பையா கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

"அவுங்க கீப்பரும் வேணும்னே ஒதுங்கி நின்னாம்ணே. தொறந்து கெடக்க கோல்ல எப்படிண்ணே அடிக்காம இருக்க முடியும்?"