சுற்றிப்பார்க்க வந்தவள்

குளியலறையில், சுடுதண்ணீர் ஹீட்டருக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, போனை அதற்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள் என் சிநேகிதி.

கீழே காரில் என் கணவரும் அவள் கணவரும் காத்திருந்தார்கள். அருவிக்குப் போகும் படகுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இவளைக் காணோமே என்று நான் மறுபடி மாடியேறி வந்தால், அம்மணி பாத்ரூமில் சுற்றுலா போய்க்கொண்டிருக்கிறாள்.

ஒரு வாரம் ஊர் சுற்றிப்பார்க்க வந்தவள் இவள்.

இவளுக்காக ஆஸ்பத்திரியில் என்கூட வேலை பார்க்கும் நர்ஸ்கள் அத்தனை பேரிடமும் கெஞ்சி ஷிஃப்டை மாற்றியிருந்தேன். எங்கள் கட்டிலை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். என் கணவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது வேறு.

எங்கே கூட்டிப்போனாலும் இவள் அதைப் பார்க்க மாட்டாள். மலை உச்சியில் எல்லோரும் ஏரியைப் படம் எடுக்க, இவள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை எடுத்தாள். அதுவும் நான் வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டிருந்தபோது. மியூசியத்தில் என் ஷூவை எடுத்தாள். அவள் கணவர்தான் பாவம், அவள் பங்குக்கும் சேர்த்து ஊரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் அவளுக்கு உயிர் வந்துவிடும். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு படம். அடுப்புக்குப் பின்னால் போகும் கேஸ் குழாய் ஒரு படம். வாசல் கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, சுவரிலிருந்து கொஞ்சம் பெயர்ந்து நிற்கும் பிளக் பாயிண்ட். அதைக் கிட்டத்தில் போய் இரண்டு தடவை எடுத்தாள். போதாததற்கு, ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் என்னை யார் கூட்டிவருவது என்று என் கணவரை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை.

கேட்டால், "சும்மாதான்டி, ஞாபகத்துக்கு" என்று இளிப்பாள். பெயர்ந்த பிளக் பாயிண்டை யாராவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வார்களா?

எதற்கென்று எனக்குத் தெரியாதா? வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் நான். இனி என் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு போன் கிடையாது. கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் என்னைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள். ஓடிப்போனவள் எப்படிக் குப்பை கொட்டுகிறாள் பாருங்கள் என்று அங்கே கடைவிரிக்கத்தான் இத்தனை படமும்.

நான் நன்றாக இருக்கிறேன் என்ற ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த வீம்பு. அதையும் ஒரு பிளக் பாயிண்டை வைத்துக் கவிழ்த்துவிடுவாள் போலிருந்தது. இவள் வருகிறாள் என்று புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டியிருந்தேன். ஒரு தடவையாவது அதைப் படம் எடுத்தாளா?

இப்போது படம்கூட இல்லை. போனில் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். நேரடி ஒளிபரப்பே ஆரம்பித்தாயிற்று.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை வெடுக்கென்று பிடுங்கினேன். எவளாக இருந்தாலும் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திரையைப் பார்த்தேன்.

முகமே இல்லை.

திரை நிறைய ஒரு காது.

இவள் வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தவர் சாதாரண போன் என்று நினைத்துக் காதோடு வைத்துக்கொண்டிருக்கிறார். என் வீட்டு ஹீட்டரை இவ்வளவு நேரம் அந்தக் காதுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நரைமுடி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மூக்குக்கண்ணாடியின் காம்பு, உடைந்த இடத்தில் நூல் சுற்றி. குரல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் எப்படிம்மா? அவ வழுக்கி கிழுக்கி விழுந்துட்டா வெளியிலிருந்து திறக்க முடியுமா?"

சிநேகிதி குந்தியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். பேசு என்று கெஞ்சினாளா, பேசிவிடாதே என்று கெஞ்சினாளா, தெரியவில்லை.

என் ஆத்திரம் அடங்கவில்லை. ஆள்தான் மாறிவிட்டது. இத்தனை அக்கறை இருக்கிற மனிதர், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் நம்பருக்குப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொன்ன வாய், அடுத்த வீட்டுப் பெண்ணைப் பிடித்து என் பாத்ரூம் தாழ்ப்பாளை விசாரிக்கிறது!

நானும் அவர் பெண்தானே. எனக்கு மட்டும் வீம்பில் குறைச்சலா?

சிநேகிதி அவரை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும். படிக்கிற காலத்திலிருந்து அதே மாதிரிதான்.

"திறக்கலாம் அங்கிள்" என்றேன்.

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

காது இன்னும் நெருங்கி வந்தது. நெருங்கி, அழுந்தி, திரை முழுக்க இருட்டாகிவிட்டது.