முடிச்சுப் போடும் இடம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பாட்டுக்காரியின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

"அந்த நிறுத்தம் மட்டும் வேண்டாம்க்கா," என்றார் ரேடியோ நிலையத்து ஒலிப்பதிவாளர். "கேக்குறவங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தட்டுவாங்க."

"தட்டட்டும் தம்பி. தூசியாவது போகும்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் பாட்டுக்காரிக்கு உள்ளே சுருக்கென்றது. எத்தனையோ மேடை ஏறியவள்தான், ஆனால் அவள் குரல் பதிவாவது இதுதான் முதல் தடவை.

"இழையே இழையே எங்கே போறே, என் கண்ணு..." என்று ஒரே ஓட்டமாக ஓடும் பாட்டு, அங்கே சட்டென்று நின்றுவிடும். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகுதான், "...சட்டைக்கா, ஊரான் சட்டைக்கா" என்று தணிந்து இறங்கும்.

"நீங்க நிறுத்தினா பாட்டை வெளிய விட மாட்டாங்கக்கா. நான் என்ன செய்ய?"

"அது எங்கம்மா நிறுத்தின இடம் தம்பி. நூல் மில்லுல வேலை பாத்தவ. நான் அவ மெஷின் பக்கத்துல பஞ்சு மூட்டை மேலதான் வளந்தேன். அந்த இரைச்சலுக்கு மேல பாடினாத்தான் எனக்குக் கேக்கும், நானும் கத்தித்தான் பதில் பாடுவேன். இந்தத் தொண்டை அப்படி வந்ததுதான். அந்த அடி வந்ததும் நிறுத்திட்டு முகத்தைத் திருப்பிக் குனிஞ்சுக்குவா. ஏம்மான்னு கேட்டா, 'இழை அறுந்துபோச்சு, இது முடிச்சுப் போடற இடம்'னு சொல்லுவா. நானும் அங்க நிறுத்திப் பாடவே கத்துக்கிட்டேன்."

ஒலிப்பதிவாளர் மூலையில் இருந்த சித்தியைப் பார்த்தார். பாட்டுக்காரியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். வெந்நீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களும் கல்யாணத்துக்கு முன்னாடி அதே மில்லுதானேம்மா? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

"பாடறவ அவ. நான் என்னத்தைச் சொல்ல," என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

"சித்தியை எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள் பாட்டுக்காரி. "ஏழு வயசுல என்னை இவங்க வீட்டு வாசல்ல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போனவ எங்கம்மா. அப்புறம் அவ போய்ச் சேந்துட்டான்னு சேதிதான் வந்துச்சு. பெத்த பிள்ளையை வேண்டாம்னு விட்டவ, எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த முடிச்சு ஒண்ணுதான். அதையும் வெட்டச் சொல்றீங்களே."

சித்தி பாட்டிலைக் கீழே வைத்தாள். நடுங்கும் குரலில் அதே அடியைப் பாடினாள். எங்கும் நிற்கவில்லை, முழு அடியும் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது.

"அம்மா பாட்டைக் கெடுக்காத சித்தி."

"கெடுக்கலடி. நீ பிறக்கறதுக்கு முன்னாடி உங்கம்மா இப்படித்தான் பாடுவா. முடிச்சுப் போடறது கைதானே, வாய் எதுக்கு நிக்கணும்?"

பாட்டுக்காரி சித்தி பக்கம் திரும்பினாள்.

"உண்மை தெரிஞ்சா நீ பாட்டையே விட்டுடுவேன்னு பயந்து, என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஆனா அவ உன்னை வேண்டாம்னு விட்டான்னு நீ சொன்னப்புறம் எப்படிடி வாயை மூடிட்டு இருப்பேன்?" சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இழை ஒண்ணும் அறுகல. பஞ்சுத் தூசி அவ நெஞ்சுல இறங்கிப்போய், அந்த இடத்துக்கு வந்தா அவளுக்கு மூச்சு முட்டிப்போகும். இருமறது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் குனிஞ்சுக்குவா. 'என் தொண்டை போச்சு, இவளோடதாவது நிலைக்கட்டும்'னுதான், அந்தக் காத்து படாத இடமாப் பாத்து உன்னைக் கொண்டுவந்து விட்டா."

உங்கள் வீட்டில் யாருக்கும் மூச்சு முட்டாதிருக்கட்டும், கண்ணுகளா. பாடுகிற வாயெல்லாம் பாட்டை முழுசாகப் பாடி முடிக்கட்டும்.